நகர்மன்றக் கூட்டம்: மாதம் ஒன்று பத்தவில்லை (5-க்கு 3)

இரண்டு வருடமாக நகர்மன்றக் கூட்டங்களுக்குப் பார்வையாளராகப் போய்வருகிறேன். கடைக்கும் ஹோட்டலுக்கும் விமர்சனம் எழுதுகிறோம், நம் வரிப்பணத்தில் நடக்கிற இதற்கும் ஒன்று எழுதலாம் என்று தோன்றியது. ஐந்துக்கு மூன்று கொடுக்கிறேன். குறைத்த இரண்டும் ஒரே காரணத்துக்காகத்தான்: முன்பு மாதம் இரண்டு தடவை கூடிய மன்றம் இப்போது ஒரே தடவை கூடுகிறது.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். மாலையில் கூடுகிறார்கள், அதனால் வேலைக்குப் போகிறவர்களும் வரலாம். நேரலை உண்டு. தலைவர் யாரையும் அதட்டுவதில்லை, பேசத் தெரியாமல் திணறுகிறவர்களிடம் பொறுமையாக நடந்துகொள்கிறார். இதற்காகவே மூன்று.

இப்போது குறை. கூட்டத்தைப் பாதியாக்கிவிட்டார்கள், ஆனால் ஊர் வேலை பாதியாகவில்லை. ஒரு மாதத்து விஷயமெல்லாம் ஒரே அஜெண்டாவில் வந்து குவிகிறது. பள்ளிக்கூட வாசலில் பாதசாரிகள் சாலையைக் கடக்க ஒரு கோடு போடச் சொல்லிக் கேட்கப் போயிருந்தேன். என் விஷயம் 31-வது. அது வரும்போது இரவு 11 மணி தாண்டிவிட்டது. என்னோடு அதே விஷயம் பேச வந்திருந்த ஒரு அம்மா, மடியில் பிள்ளை தூங்கிப்போனதால் ஒன்பது மணிக்கே எழுந்து போய்விட்டார், தினமும் அந்தச் சாலையைப் பிள்ளையோடு கடக்கிறவர் அவர்தான், அவர் பேச்சைத்தான் மன்றம் முதலில் கேட்டிருக்க வேண்டும். நேரமாகிவிட்டது என்று ஆளுக்கு மூன்று நிமிடம் என்றிருந்ததை ஒரு நிமிடமாகக் குறைத்தார்கள். ஒரு உறுப்பினர் நல்ல கேள்வி கேட்டார், பொறியாளர் கையில் விவரம் இல்லை, "அடுத்த கூட்டத்துக்கு வைப்போம்" என்று முடித்துவிட்டார்கள். முன்பென்றால் அடுத்த கூட்டம் இரண்டு வாரத்தில் வந்திருக்கும். இப்போது ஒரு மாதம், அதிலும் அந்த மாதம் விடுமுறை என்று கூட்டத்தையே ரத்து செய்துவிட்டார்கள். ஆக மொத்தம் இரண்டு மாதம். அதற்குள் பள்ளி ஆண்டே முடிந்துவிட்டது.

பல இடங்களில் ஒரு உள்ளூர்ச் சட்டத்தை ஒரே கூட்டத்தில் நிறைவேற்ற முடியாது. பொதுவாக கலிபோர்னியா நகரங்களில் முதலில் அறிமுகம் செய்து, குறைந்தது ஐந்து நாளாவது கழித்து இன்னொரு வழக்கமான கூட்டத்தில்தான் நிறைவேற்ற வேண்டும், அப்புறம் 30 நாள் கழித்துத்தான் அமலுக்கு வரும். மாதம் ஒருமுறை கூடினால் இதற்கே இரண்டு மாதம், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்றால் ஆறு வாரம். எங்கும் ஒத்திவைக்காமல் போனால்தான் இந்தக் கணக்கும்.

இன்னொரு விஷயம் இதைவிட என்னை உறுத்துகிறது. வழக்கமான கூட்டம் குறைந்தால் அவசரம் என்று சிறப்புக் கூட்டம் கூட்ட ஆரம்பிப்பார்கள். கலிபோர்னியாவில் 1953-இல் வந்த பிரௌன் சட்டப்படி (உள்ளாட்சி மன்றங்கள் மக்கள் பார்க்கத் திறந்த கூட்டமாகக் கூடவேண்டும் என்கிற சட்டம்) வழக்கமான கூட்டத்துக்கு 72 மணி நேரம் முன்பே அஜெண்டாவை ஒட்டவேண்டும், சிறப்புக் கூட்டத்துக்கு 24 மணி நேரம் போதும். அறிவிப்பைப் பார்த்து, படித்து, லீவு சொல்லிவிட்டு வர ஒரு நாள் யாருக்குப் போதும்? கூட்டம் கூடாமலும் இருக்காது, நாம்தான் உள்ளே இருக்க மாட்டோம்.

குறைத்ததற்கு அவர்கள் சொன்ன காரணம் அஜெண்டா தயாரிக்கும் வேலைச்சுமை. அது நியாயம்தான், பொய் சொல்லவில்லை. ஒவ்வொரு கூட்டத்துக்கும் அறிக்கை எழுத வேண்டும், கணக்கைச் சரிபார்க்க வேண்டும், கூட்டக் குறிப்பு தட்டச்சு செய்ய வேண்டும், உறுப்பினர்களுக்கும் வேறு வேலை உண்டு. அதனால் வாரம் ஒருமுறை என்று நான் கேட்கவில்லை. போன கூட்டத்தின் குறிப்பைப் படித்து முடிப்பதற்குள் அடுத்த அஜெண்டா வந்து நின்றால் யாரும் எதையும் ஒழுங்காகப் படிக்க மாட்டார்கள். தவிர, அடிக்கடி கூடினால் மட்டும் போதாது. லாஸ் ஏஞ்சலஸ் மன்றம் நெடுங்காலமாக வாரம் மூன்று நாள் கூடிவந்திருக்கிறது, ஆனால் காலை 10 மணிக்கு, அந்த நேரத்தில் வேலையில் இருப்பவர் எப்படிப் போவார்?

எனக்குச் சரியென்று படுவது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, மாறாத கிழமை, மாலை நேரம். மக்கள் பேசப் பெயர் கொடுத்திருக்கும் விஷயங்களை முதலில் எடுக்கட்டும், யாருக்கும் ஆட்சேபம் இல்லாத செலவு பில் ஒப்புதல்களைக் கடைசியில் ஒரே மொத்தமாக வாக்கெடுப்புக்கு விடட்டும். பத்தரைக்கு மேல் புதிதாக எதையும் தொடங்கக் கூடாது. கூட்டத்தை ரத்து செய்தால் அதே மாதத்தில் மாற்றுத் தேதி தரவேண்டும்.

புதிதாகப் போகிறவர்களுக்கு: அஜெண்டாவில் உங்கள் விஷயம் எத்தனையாவது என்று பார்த்துக்கொள்ளுங்கள், சொல்ல வந்ததை ஒரு நிமிடத்துக்கு ஒன்று, மூன்று நிமிடத்துக்கு ஒன்று என்று இரண்டாக எழுதிக்கொள்ளுங்கள், இரவு நெடுநேரம் இருக்க முடியாதென்றால் முன்னாலேயே எழுத்தில் கொடுத்துப் பதிவு செய்யச் சொல்லுங்கள். அந்த அம்மாவின் மனுவை இந்தத் தடவை நானே வாங்கி என்னுடையதோடு சேர்த்துக் கொடுத்திருக்கிறேன். அடுத்த கூட்டத்துக்கு இன்னும் 19 நாள் இருக்கிறது.