டயட்டா, வார ஊசியா, பைபாஸா? இறங்கிய எடை எதில் நிற்கிறது

என் எடை மூன்று முறை இறங்கியிருக்கிறது. முதல் முறை டயட்டில் 19 கிலோ. ஒன்றரை வருடத்தில் அத்தனையும் திரும்பி வந்தது. இரண்டாவது முறை வாரம் ஒருமுறை போடும் ஊசியில். அதுவும் பெரும்பகுதி திரும்பிவிட்டது. மூன்றாவது முறை இரைப்பை பைபாஸ் அறுவை சிகிச்சை. இரண்டரை வருடம் ஆகிறது, இறங்கிய எடை நிற்கிறது. ஆகவே இந்த ஒப்பீட்டில் நான் நடுநிலை இல்லை. பைபாஸ் பக்கம் சாய்ந்துதான் எழுதுகிறேன்.

தெரிந்த விஷயங்களை முதலில் கடந்துவிடலாம். டயட்டில் கத்தி இல்லை, மருந்து இல்லை, எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம். ஊசியில் முதல் சில வாரம் குமட்டலும் மலச்சிக்கலும் இருக்கும், மருந்தளவை மெதுவாக ஏற்றுவார்கள். அறுவை சிகிச்சைக்கு மயக்க மருந்து, மருத்துவமனை, தையல் எல்லாம் உண்டு, செய்தபின் பழைய வயிறு திரும்ப வராது. மூன்றிலும் எடை குறையும். எதில் வேகம், எதில் வலி என்று ஒப்பிட்டு நான் நிறைய நேரம் செலவழித்தேன். அதெல்லாம் முதல் ஒரு வருடத்துக்கான கேள்விகள்தான். நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு: குறைந்த எடையைப் பிடித்துவைத்திருக்கும் வேலையை இரண்டாவது வருடம், ஐந்தாவது வருடம், பத்தாவது வருடம் யார் செய்யப்போகிறார்கள்?

இது ஏன் முக்கியம் என்றால், உடலுக்கு நம் கொழுப்பின் கணக்கு தெரியும். 1994இல் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃப்ரீட்மனின் குழு லெப்டினைக் கண்டுபிடித்தது. கொழுப்புச் செல்கள் சுரக்கும் ஹார்மோன் இது. கையிருப்பு எவ்வளவு என்று மூளையின் ஹைபோதலாமஸுக்குத் தகவல் சொல்கிறது. அங்கே ஒரு தொகுதி நரம்புச் செல்கள் பசியைத் தூண்டும், இன்னொரு தொகுதி அடக்கும். லெப்டின் குறைந்தால் தூண்டும் பக்கம் ஓங்கிவிடும். கண்டுபிடித்த புதிதில், ‘குண்டானவர்களுக்கு லெப்டின் போதவில்லை, ஊசியாகப் போட்டால் மெலிந்துவிடுவார்கள்’ என்று ஒரு நம்பிக்கை இருந்தது. உண்மை நேர்மாறாக இருந்தது. பருமனானவர்களின் ரத்தத்தில் லெப்டின் ஏற்கெனவே அதிகம். மூளைதான் அதைச் சரியாகக் கேட்பதில்லை. பிறவியிலேயே லெப்டின் சுரக்காத மிகச் சிலருக்கு மட்டும் அந்த ஊசி அற்புதமாக வேலை செய்தது.

அதாவது எடை ஏறும்போது உடலின் எதிர்ப்புக் குரல் மெல்லியது, இறங்கும்போது போடும் கூச்சல் பெரியது. பட்டினியில் செத்துப்போகாமல் தப்பித்த உயிர்களின் வழிவந்த உடலுக்கு அது நியாயமான ஏற்பாடுதான். பருமன் உள்ளவருக்கு அதுவே பொறி. 100 கிலோவில் இருந்து 85க்கு வந்தவரின் உடல், 85இல் எப்போதும் இருப்பவரின் உடலைப்போல நடந்துகொள்வதில்லை. 15 கிலோவைப் பறிகொடுத்த உடலாக நடந்துகொள்கிறது.

எவ்வளவு கூச்சல் என்பதற்கு எண் இருக்கிறது. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் கெவின் ஹால் குழு 2016இல் போட்ட கணக்குப்படி, குறையும் ஒவ்வொரு கிலோவுக்கும் உடல் செலவழிக்கும் ஆற்றல் நாளொன்றுக்கு 20 முதல் 30 கலோரி குறைகிறது. பசியோ கிலோவுக்குச் சுமார் 100 கலோரி கூடுகிறது. ஐந்து கிலோ குறைத்தவரை எடுத்துக்கொண்டால், அவர் உடல் 100 முதல் 150 கலோரி மிச்சம் பிடிக்கிறது. அதோடு, முன்பு சாப்பிட்டதைவிட 500 கலோரி கூடுதலாகக் கேட்கிறது. டயட் பேசுகிறவர்கள் பெரும்பாலும் முதல் பாதியைத்தான் பேசுவார்கள், ‘மெட்டபாலிசம் மந்தமாகிவிடும்’ என்று. என்னை இரண்டு முறை தோற்கடித்தது இரண்டாவது பாதி.

இந்தக் கூச்சல் சில வாரத்தில் அடங்கிவிடும் என்றால் டயட்டே போதும். அடங்குவதில்லை. ஆஸ்திரேலியாவில் 50 பேருக்கு 10 வாரம் மிகக் குறைந்த கலோரி உணவு கொடுத்தார்கள், சராசரியாகப் பதிமூன்றரை கிலோ குறைந்தது. ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோதும் லெப்டின் பழைய அளவைவிடக் கீழேயே இருந்தது. வயிற்றில் சுரக்கும் பசி ஹார்மோனான கிரெலின் மேலேயே இருந்தது. அவர்களே சொன்ன பசியின் அளவும் ஆரம்பத்தைவிட அதிகம். 2011இல் வெளியான ஆய்வு இது. அமெரிக்காவில் தொலைக்காட்சி எடைக்குறைப்புப் போட்டியில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு வருடம் கழித்து அளந்தபோது, குறைத்த 58 கிலோவில் சராசரியாக 41 கிலோ திரும்பியிருந்தது. அப்படித் திரும்பிய பிறகும், சும்மா இருக்கும்போது அவர்கள் உடல் செலவழித்தது எதிர்பார்க்க வேண்டியதைவிடச் சுமார் 500 கலோரி குறைவு. இதைப் படித்த அன்று எனக்கு முதலில் கோபம் வந்தது, அப்புறம் பெரிய நிம்மதி வந்தது. மன உறுதி இல்லாதவன் என்று என்னைப் பற்றி நானே பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

டயட்டை நான் குறைத்துப் பேசவில்லை. சர்க்கரை நோய் உள்ள ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து அமெரிக்காவில் நடந்த ஒரு நீண்ட ஆய்வில், உணவுக் கட்டுப்பாடும் உடற்பயிற்சியும் தீவிரமாகக் கற்றுக்கொடுக்கப்பட்டவர்களில் பாதிப்பேர் எட்டாவது வருடத்திலும் தங்கள் எடையில் ஐந்து சதவீதமாவது குறைவாகவே இருந்தார்கள். ரத்த அழுத்தத்துக்கும் மூட்டுக்கும் ஐந்து சதவீதம்கூட நல்லதுதான். அதே நாட்டில் 1994இல் இருந்து, 13 கிலோவுக்கு மேல் குறைத்து ஒரு வருடமாவது நிலைநிறுத்தியவர்களின் பதிவேடு ஒன்று இருக்கிறது. அதில் உள்ளவர்கள் பெரும்பாலும் தினம் ஏறக்குறைய ஒரு மணி நேரம் உடற்பயிற்சி செய்கிறவர்கள். எடையைக் குறைப்பதைவிட, குறைத்த எடையைத் தக்கவைக்கத்தான் உடற்பயிற்சி அதிகம் உதவுகிறது. அவர்கள் மேல் எனக்கு அவ்வளவு மரியாதை. ஆனால் டயட்டில் பராமரிப்பு என்பது, மேலே சொன்ன பசியை ஒவ்வொரு வேளையும் விழித்திருந்து மறுப்பது. உடம்பு சரியில்லாத வாரம், தூக்கம் கெட்ட மாதம், வீட்டில் ஒரு துக்கம் எல்லாவற்றிலும் அந்தக் காவல் தொடர வேண்டும். பசி வந்தால் பத்தும் பறந்துபோகும் என்பதில் மிகை எதுவும் இல்லை.

ஊசிக்கு வருவோம். நாம் சாப்பிட்டதும் சிறுகுடல் ஜிஎல்பி-1 என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. போதும் என்று மூளைக்குச் சொல்கிறது, வயிறு காலியாவதை மெதுவாக்குகிறது. இயற்கையான ஜிஎல்பி-1 ஓரிரு நிமிடங்களில் சிதைந்துவிடும். அதே வேலையைச் செய்யும்படி, ஆனால் சீக்கிரம் சிதையாதபடி வடிவமைத்ததுதான் செமாகுளுடைட். அதன் அளவு ரத்தத்தில் பாதியாகக் குறையவே ஒரு வாரம் ஆகும். 2021இல் வந்த பெரிய ஆய்வில் 68 வாரத்தில் சராசரியாக 14.9 சதவீத எடை குறைந்தது. வெற்று ஊசி போட்டவர்களுக்கு 2.4. இன்னொரு குடல் ஹார்மோனின் வேலையையும் சேர்த்துச் செய்யும் டிர்ஸெபடைட், அதிக அளவில் 72 வாரத்துக்கு 20.9 சதவீதம் வரை கொண்டுபோனது.

எனக்கு இரண்டாவது மாதத்தில் நடந்ததை இன்னும் மறக்கவில்லை. ஒரு மதியம் முழுக்க வேலை பார்த்துவிட்டு, உணவைப் பற்றி ஒருமுறைகூட நினைக்கவில்லை என்று மாலையில்தான் உணர்ந்தேன். தலைக்குள் எப்போதும் ஓடிக்கொண்டிருந்த ஒரு சத்தம் நின்றது போல இருந்தது. மற்றவர்கள் இப்படித்தான் இருக்கிறார்களா என்று கண் கலங்கியது. ஏழு மாதம் போட்டேன், 14 கிலோ குறைந்தது. அப்புறம் மருந்துத் தட்டுப்பாடு வந்து இரண்டு மாதத்துக்கு மேல் ஊசி கிடைக்கவில்லை. ஐந்தாவது வாரத்தில் அந்தச் சத்தம் திரும்பி வந்தது. இந்த முறை இன்னும் உரக்க.

எனக்கு மட்டும் நேர்ந்தது இல்லை இது. அந்த 68 வார ஆய்வில் ஊசியை நிறுத்தியவர்களைப் பின்தொடர்ந்தபோது, ஒரு வருடத்தில் குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. மருந்தின் குற்றம் என்று இதைச் சொல்ல முடியாது. ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தினால் அழுத்தம் ஏறுவது மாதிரிதான். மருந்து கூச்சலை அடக்குகிறது, உடல் காக்க நினைக்கும் எடை அப்படியே இருக்கிறது. ஊசி என்றால் காலமெல்லாம் ஊசி. இதயநோய் ஏற்கெனவே உள்ள, சர்க்கரை நோய் இல்லாத 17,604 பேரிடம் செமாகுளுடைட் மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் மரணம் மூன்றையும் சேர்த்து 20 சதவீதம் குறைத்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். தடையில்லாமல் தொடர முடிகிறவருக்கு இது நல்ல வழி. ஏழு மாதம் மட்டுமே போட்டவன் என்பதால் ஐந்து வருட ஊசி வாழ்க்கை எப்படி என்று என் அனுபவத்தில் இருந்து சொல்ல முடியாது.

பைபாஸில் என்ன மாறுகிறது? இரைப்பையின் மேல்பகுதியில் முட்டை அளவுக்கு ஒரு சின்னப் பையை மட்டும் பிரித்து, அதைச் சிறுகுடலின் நடுப்பகுதியோடு நேராக இணைக்கிறார்கள். சின்ன வயிறு, அதனால் கொஞ்சம் சாப்பாடு என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அது பாதிக் கதைகூட இல்லை. உணவு சீக்கிரமே குடலின் அடுத்த பகுதிக்குப் போய்ச் சேர்வதால், ஜிஎல்பி-1, பிஒய்ஒய் போன்ற ‘போதும்’ ஹார்மோன்கள் ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் பல மடங்கு சுரக்கின்றன. ஊசி வெளியில் இருந்து தருவதை உடலே தினமும் தயாரிக்கிறது.

என் முடிவை உறுதிப்படுத்தியது எலிகளில் நடந்த ஒரு சோதனை. இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுத்துவிடும், ஸ்லீவ் எனப்படும் இன்னொரு வகை வயிற்று அறுவை செய்து மெலிந்த எலிகளுக்கு உணவைக் குறைத்து இன்னும் மெலிய வைத்தார்கள். மறுபடி வேண்டிய அளவு உணவு வைத்ததும், அவை அதிகமாகத் தின்று எடையை மீட்டுக்கொண்டன. ஆனால் அறுவைக்கு முந்தைய எடைக்கு அல்ல, அறுவைக்குப் பிந்தைய புது எடைக்கு. சின்ன வயிற்றிலும் அவற்றால் நிறையச் சாப்பிட முடிந்தது. பழைய எடை வரைக்கும் சாப்பிட வேண்டும் என்று உடல் கேட்கவில்லை, அவ்வளவுதான். டயட்டும் ஊசியும் எனக்குத் தராதது இதுதான்: உடல் காக்க நினைக்கும் எடையே கீழே இறங்குவது.

மனிதர்களில் நீண்ட காலச் சான்றும் இந்தப் பக்கம்தான் அதிகம். ஸ்வீடனில் 1987இல் தொடங்கிய ஆய்வில் சுமார் 2,000 பேர் அறுவை செய்துகொண்டார்கள், அதே அளவு பேர் வழக்கமான சிகிச்சையில் இருந்தார்கள். 15 வருடம் கழித்து, பைபாஸ் செய்தவர்களின் எடை சராசரியாக 27 சதவீதம் குறைவாக இருந்தது. மற்றவர்கள் ஏறக்குறைய தொடங்கிய இடத்திலேயே இருந்தார்கள். அறுவை செய்தவர்களிடையே மரணமும் குறைவு. கொஞ்சம் எடை திரும்பத்தான் செய்கிறது: அமெரிக்காவின் யூட்டா மாநில ஆய்வில் இரண்டாவது வருடம் 45 கிலோ குறைந்திருந்தது, பன்னிரண்டாவது வருடம் 35 கிலோ. அந்தப் பத்து கிலோவை நான் மனதில் வைத்திருக்கிறேன்.

சரி, பைபாஸுக்குப் பராமரிப்பு இல்லையா? நிறைய இருக்கிறது, வேறு மாதிரி. பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி ஆயுளுக்கும் எடுக்க வேண்டும். வருடம் ஒருமுறையாவது ரத்தப் பரிசோதனை. எனக்கு மூன்றாவது மாதத்தில் இருந்து முடி கொத்துக்கொத்தாகக் கொட்டியது, ஒன்பதாவது மாதத்துக்குப் பின் திரும்ப வளர்ந்தது. முதல் வருட முடிவில் இரும்பு மிகவும் இறங்கி, ரத்தக்குழாய் வழியாக ஏற்ற வேண்டியிருந்தது. சர்க்கரை நிறைந்ததை வேகமாகச் சாப்பிட்டால் படபடப்பும் வியர்வையும் வந்து படுக்க வைத்துவிடும். மது சட்டென்று ஏறும். இபுப்ரோஃபென் மாதிரியான வலி மாத்திரைகள் புண் உண்டாக்கும் என்பதால் தவிர்க்க வேண்டும். வீடு திரும்பும்போது இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை, ஆறாவது மாதத்தில் வேறொரு மருத்துவர்தான் சொன்னார். வேகமாக மெலியும் காலத்தில் பித்தப்பைக் கல் வரலாம். கர்ப்பத்தை ஒன்று, ஒன்றரை வருடம் தள்ளிப்போடச் சொல்வார்கள்.

ஆனால் மூன்று பராமரிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கெட்ட மாதம் ஒன்று வருகிறது, நான் கவனம் தவறிவிட்டேன் என்று வையுங்கள். டயட்டில் அந்த மாதமே எடை ஏறத் தொடங்கும். ஊசியில் சில வாரத்தில் பசி திரும்பும். பைபாஸில் சத்து மாத்திரையை ஒரு வாரம் மறந்தேன் என்றால் அடுத்த வாரம் தொடர்ந்துகொள்ளலாம், ‘போதும்’ ஹார்மோன்கள் தங்கள் வேலையை விடுவதில்லை. வருடக்கணக்கில் மறப்பது வேறு விஷயம். பி12 குறைபாடு நரம்புகளைக் கெடுக்கும், சில சமயம் திரும்பச் சரியாகாத அளவுக்கு. கெட்ட மாதங்களைத் தாங்கும் ஏற்பாடுதான் எனக்கு வேண்டியிருந்தது.

ஸ்லீவா, பைபாஸா என்பதை எனக்கு நெஞ்செரிச்சல் தீர்மானித்தது. பின்லாந்தில் இரண்டையும் பத்து வருடம் ஒப்பிட்ட ஆய்வில், ஸ்லீவ் செய்தவர்களில் 31 சதவீதம் பேருக்கு உணவுக்குழாயில் அழற்சி இருந்தது, பைபாஸில் 7 சதவீதம். எடையிலும் பைபாஸ் ஓரளவு முந்தியது. அறுவை எளிது, சத்துக் குறைபாடு குறைவு என்பது ஸ்லீவின் பலம். நான் வாழ்ந்து பார்க்காத ஒன்று என்பதால் இதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

எட்டு, பத்து கிலோ குறைக்க நினைப்பவருக்கு நான் சொன்னது எதுவும் பொருந்தாது. 2022இல் புதுப்பித்த சர்வதேச வழிகாட்டுதல், பிஎம்ஐ (உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் எண்) 35க்கு மேல் என்றால் வேறு நோய் இல்லாவிட்டாலும் அறுவையைப் பரிந்துரைக்கிறது, ஆசியர்களுக்கு 27.5இல் இருந்தே அதற்கு வாய்ப்புத் தர வேண்டும் என்கிறது. நான் முடிவெடுத்தபோது என் பிஎம்ஐ 39.

இரண்டரை வருடம் சின்னக் காலம்தான். கடந்த நான்கைந்து மாதமாக மாலை நேரத்தில் லேசாகப் பசி எட்டிப்பார்க்கிறது. பழைய கூச்சல் இல்லை, ஆனால் அடையாளம் தெரிகிறது. எடை ஏறத் தொடங்கினால் பைபாஸின் மேல் ஊசியையும் சேர்த்துப் போடுவதற்கு எனக்குத் தயக்கம் இல்லை. மருத்துவர்கள் இப்போது அப்படித் தருகிறார்கள். அடுத்த மாதம் வருடாந்திரப் பரிசோதனை. எடை மேடையில் ஏறுவதற்கு முன்னால், இரும்புச் சத்து எவ்வளவு என்று கேட்பேன்.