ஆற்றங்கரைச் சிற்றூருக்கு எந்தக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் பொருந்தும்?

பத்தாயிரம் பேர் வாழும் ஆற்றங்கரைப் பேரூராட்சி ஒன்றை எடுத்துக்கொள்வோம். பாதாளச் சாக்கடை உள்ள ஊரில் ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் தண்ணீர் என்பது அரசுக் கணக்கு. அதில் ஐந்தில் நான்கு பங்கு கழிவாகத் திரும்பும் என்று வைத்தால், தினமும் ஏறத்தாழ 11 லட்சம் லிட்டர். வீட்டுச் சாக்கடையின் பி.ஓ.டி. (அழுக்கைத் தின்ன நுண்ணுயிர்களுக்குத் தேவைப்படும் பிராணவாயுவின் அளவு) பெரும்பாலும் லிட்டருக்கு 150 முதல் 300 மில்லிகிராம் இருக்கும். குளிக்கத் தகுந்த ஆற்றில் அது 3-ஐத் தாண்டக் கூடாது. அழுக்கைத் தின்னும் நுண்ணுயிர்கள் ஆற்று நீரில் கரைந்திருக்கும் பிராணவாயுவையும் சேர்த்துத்தான் இழுத்துக்கொள்கின்றன. மீன் செத்து மிதப்பது அதனால்தான்.

இப்போது பலரும் முதலில் கேட்பது எஸ்.பி.ஆர். எனப்படும், தொகுதி தொகுதியாகச் சுத்திகரிக்கும் முறை. ஒரே தொட்டியில் கழிவுநீரை நிரப்பி, புளோயரால் காற்றடித்து, கசடு அடியில் தங்கியதும் மேலே தெளிந்த நீரை வடித்துவிடுவார்கள். அரை ஏக்கருக்குள் அடங்கிவிடும். நன்றாக ஓடினால் பி.ஓ.டி. 10-க்கும் கீழே வரும். இந்தத் தரத்தை இங்கே சொல்லப்போகும் மற்ற முறைகள் எளிதில் எட்டுவதில்லை. ஆனால் காற்று நின்றால் எல்லாம் நின்றது. நான் பார்க்கப் போன ஒரு நிலையத்தில் புளோயர் பழுதாகிச் சில நாள் ஆகியிருந்தது. சாக்லேட் நிறத்தில் இருக்கவேண்டிய தொட்டி தார் போலக் கறுத்து, அழுகிய முட்டை நாற்றம் அடித்தது. தண்ணீர் மட்டும் வழக்கம்போல ஓடைக்குப் போய்க்கொண்டிருந்தது.

அதற்கு நேர் எதிர், குளங்கள். முதல் குளத்தில் கசடு படியும், இரண்டாவதில் பாசி பகலெல்லாம் பிராணவாயு கொடுக்கும், கடைசிக் குளத்தில் வெயிலே நோய்க்கிருமிகளைக் கொல்லும். கரண்ட் அனேகமாகத் தேவையில்லை. நம்மூர் வெயிலுக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை. இரண்டாவது குளம் பச்சையாக இருந்தால் நலம்; ஊதா, இளஞ்சிவப்பு என்று மாறினால் சுமை மீறிவிட்டது. கரையில் நிற்கும் எவரும் இதைக் கண்ணாலேயே கண்டுபிடிக்கலாம், சோதனைச்சாலை வேண்டாம். குறை என்ன என்றால், சில ஏக்கர் நிலம் வேண்டும், கரையில் புல் மண்டவிட்டால் கொசு பெருகும், வெளியேறும் நீரோடு பாசியும் சேர்ந்து போகும்.

இடமில்லாத ஊருக்கு நடுவழி ஒன்று உண்டு. ஆரோவில்லில் பல ஆண்டுகளாகப் பழக்கத்தில் இருப்பது. மூடிய தொட்டிக்குள் தடுப்புச் சுவர்கள். கழிவுநீர் ஏறி இறங்கி, ஏறி இறங்கி நகரும். அடியில் படிந்த கசட்டில் வாழும் நுண்ணுயிர்களே பெரும்பகுதி வேலையை முடிக்கும். அப்புறம் நாணலும் கல்வாழையும் வளர்ந்த ஜல்லிப் படுகை. தெருச்சரிவு இருந்தால் பம்புகூட வேண்டாம், ஒவ்வொரு வாய்க்கால் முடிவிலும் சிறிதாக ஒன்று கட்டிக்கொள்ளலாம். ஆனால் இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை கசடு அள்ளாவிட்டால் ஜல்லி அடைத்துக்கொள்ளும். தழைச்சத்தும் பெரும்பகுதி அப்படியே வெளியேறும், ஆற்றில் ஆகாயத்தாமரை அதைத் தின்று பரவும்.

குழாயே போடாமல், வீட்டு செப்டிக் டேங்க் கசட்டை லாரியில் எடுத்து ஓரிடத்தில் சுத்திகரிப்பதும் உண்டு. தமிழ்நாட்டில் கருங்குழி பேரூராட்சி இதற்கு முன்னோடி. செலவு குறைவுதான். ஆனால் டேங்கிலிருந்து வழியும் நீரும் சமையலறை, குளியல் நீரும் வாய்க்கால் வழியாக ஆற்றுக்கே போகின்றன. இதை முதல் படியாக மட்டுமே எடுத்துக்கொள்ளலாம்.

சரி, எதைத் தேர்ந்தெடுப்பது? நிலம் இருந்தால் குளங்கள் என்பேன். இல்லையென்றால் தடுப்புத் தொட்டியும் நாணல் படுகையும். ஜெனரேட்டர் டீசலுக்கும் ராத்திரி ஷிப்ட் ஆளுக்கும் ஆண்டுதோறும் பணம் ஒதுக்க முடிந்த ஊர் மட்டும் எஸ்.பி.ஆர். பக்கம் போகட்டும். ஒருமுறை கட்டத் திட்டப்பணம் வரும், பத்தாவது வருடத்துப் பழுதுக்கு ஊர்தான் கொடுக்கவேண்டும்.

எதைக் கட்டினாலும் வெளியேற்றுக் குழாயைக் குடிநீர்க் கிணற்றுக்கு மேல்புறம் வைக்கவே கூடாது. கோடையில் ஆறு கணுக்காலளவு ஓடும்போது நாம் விடும் நீரைக் கலந்து நீர்த்துப்போக வைக்க அங்கே தண்ணீர் இருக்காது. அந்த மூன்று மாதமாவது அதைத் தென்னந்தோப்புக்குத் திருப்பிவிட ஒரு வாய்க்காலை இப்போதே வரைபடத்தில் போட்டுவிட வேண்டும்.