ராதிகாவின் இரட்டை வேடம்: 'வாணி ராணி'யை இப்போது பார்ப்பவர்களுக்கு

1999இல் தொடங்கிய 'சித்தி' தொடரில் சாரதாவாக வீடுகளுக்குள் வந்த ராதிகாவின் முழு வீச்சும் தெரிவது சன் டிவியில் 2013 முதல் 2018 வரை ஓடிய 'வாணி ராணி'யில்தான். இதில் இரட்டைச் சகோதரிகள் இருவரும் அவரே. வக்கீல் வாணி அளந்து பேசுவார். இல்லத்தரசி ராணி படபடவெனப் பொரிவார். குரலும் நடையும் மாறுவதால் புடவையைப் பார்க்காமலே ஆளைச் சொல்லிவிடலாம். இருவரும் ஒரே அறையில் நிற்கும் காட்சிகளைக் கூர்ந்து பாருங்கள். தோளுக்குப் பின்னிருந்து எடுக்கும் ஷாட்டில் முதுகு காட்டுவது டூப். எதிரே இல்லாத தங்கையைப் பார்த்து ராதிகா கண் கலங்குவார். அசாத்தியமான நடிப்பு!

குறை, நீளம். ஆயிரத்து எழுநூறைத் தாண்டும் எபிசோடுகளில் ஒரே சண்டை பல நாள் இழுக்கும். அங்கே தாராளமாக ஓட்டிவிடலாம். அக்கா தங்கை நேருக்கு நேர் பேசும் இடங்களை மட்டும் விட்டுவிடாதீர்கள்.