பழைய இந்திப் பாட்டை லாஸ்லெஸ்ஸில் கேட்க: எல்பியா, பழைய சிடியா, ரிமாஸ்டரா, ஸ்ட்ரீமிங்கா?

பழைய இந்திப் படப் பாடல்களை எம்பி3 இல்லாமல் ஒழுங்காகக் கேட்க வேண்டும் என்று ஆசை வந்துவிட்டால், இன்றைக்கு நான்கு வழி இருக்கிறது: அந்தக் காலத்து எல்பி (பெரிய கருப்பு இசைத்தட்டு), 1980களின் கடைசியிலும் 90களின் தொடக்கத்திலும் வந்த சிடி, அதற்குப் பிறகு வந்த ரிமாஸ்டர் சிடி (பழைய பதிவின் ஒலியைத் திருத்தி மறுபடி வெளியிட்டது), அப்புறம் லாஸ்லெஸ் என்று முத்திரை போட்டு வரும் ஸ்ட்ரீமிங். அவசரக்காரர்களுக்காக என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 1950, 60களின் மோனோ (இரண்டு காதுக்கும் ஒரே தடம்) பாடல்களுக்குப் பழைய சிடி. 70களின் ஸ்டீரியோவுக்கு (இடது வலதுக்குத் தனித்தனித் தடம்), நல்ல நிலையில் கிடைத்தால் எல்பி, இல்லையென்றால் திரும்பவும் பழைய சிடி. 80களுக்குப் பிறகு வந்தவற்றுக்கு ஸ்ட்ரீமிங்கே போதும், தெருத்தெருவாக அலைய வேண்டாம். ரிமாஸ்டர் சிடிக்கு நான் கடைசி இடம்தான் தருவேன்.

காரணம் எளிது. லாஸ்லெஸ் என்றால் அவர்கள் வைத்திருக்கும் டிஜிட்டல் கோப்பு ஒரு பிட் கூடக் குறையாமல் உங்களிடம் வந்து சேரும், அவ்வளவுதான். அந்தக் கோப்பை எந்த டேப்பிலிருந்து, எந்த ரெக்கார்டிலிருந்து எடுத்தார்கள், எடுத்த பிறகு அதில் என்னென்ன கைவேலை செய்தார்கள் என்பதற்கு லாஸ்லெஸ் என்ற சொல் எந்த உத்தரவாதமும் தராது. இந்திப் பாடல்களைப் பொறுத்தவரை மொத்தச் சண்டையும் அங்கேதான்.

அந்தப் பாடல்கள் பதிவான விதத்தைக் கொஞ்சம் பார்த்துவிட்டால் மீதி தானாகப் புரியும். மும்பை பாந்திராவின் மெஹபூப் ஸ்டுடியோ, தார்தேவின் ஃபிலிம் சென்டர் மாதிரி இடங்களில் வயலின் வரிசை, தபலா, மாண்டலின், பாடகர் எல்லோரும் ஒரே கூடத்தில் நின்று, ஒரே மூச்சில் வாசித்துப் பாடி முடிப்பார்கள். மைக்குகள் சில, அங்கேயே கலவை, வெளியே வருவது ஒற்றைத் தடம். டேப் பரவுவதற்கு முன்னால் படத்துக்கான ஒலி ஃபிலிமிலேயே பதிவானது, ரெக்கார்டுக்காகப் பாடகர் தனியாக இன்னொரு தடவை பாடிய காலமும் உண்டு. 78 வேக (நிமிடத்துக்கு 78 சுற்று) இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய மூன்றேகால் நிமிடம்தான் அடங்கும் என்பதால், படத்தில் இருக்கும் ஒரு சரணம் தட்டில் காணாமல் போயிருக்கும், இல்லையென்றால் பாட்டு இரண்டு பக்கமாகப் பிரிந்திருக்கும். ஆக, பல பாடல்களுக்கு ‘ஒரிஜினல்’ என்று ஒன்றே ஒன்று கிடையாது.

இன்னொரு சங்கதி. அந்தக் காலத்து ஃபிலிம் ஒலித்தடத்திலும் 78 தட்டுகளிலும் எட்டு, பத்து கிலோஹெர்ட்ஸுக்கு மேலே இசை என்று சொல்லிக்கொள்ளப் பெரிதாக எதுவும் இருக்காது, இருப்பது பெரும்பாலும் இரைச்சல்தான். சிடியின் 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் அளவே 22 கிலோஹெர்ட்ஸ் வரை தாங்கும். அதனால் 1958இன் மோனோ பாட்டை 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் என்று விற்றால் அந்தக் கூடுதல் எண்ணுக்காகக் காசு கொடுக்க வேண்டிய அவசியமே இல்லை. வைத்துக்கொள்வதில் தப்பில்லை, ஃபோனில் இடம்தான் போகும்.

இப்போது பழைய சிடிக்கு வருவோம். முதல் தலைமுறை இந்திப் பட சிடிக்கள் நிறைய வெளிநாட்டில் அச்சானவை, பெரும்பாலும் இரண்டு படத்தை ஒரே தட்டில் அடைத்திருப்பார்கள், அட்டையில் எழுத்து பொடிப்பொடியாக இருக்கும், ஒலி அளவு இன்றைய காதுக்கு ரொம்பக் குறைவு. போட்டவுடன் ‘ஸ்ஸ்ஸ்’ என்று டேப் இரைச்சல் வரும். நிறைய பேர் இதைக் கேட்டுவிட்டு மட்டமான சிடி என்று ஒதுக்கி வைத்துவிடுகிறார்கள். ஆனால் அந்த இரைச்சல்தான் நல்ல சகுனம்! யாரும் அதன் மேல் கை வைக்கவில்லை என்பதற்கு அதுவே சாட்சி. வால்யூமை ஏற்றுங்கள். தபலாவின் பாயா (இடக்கை மத்தளம்) அடங்கும்போது அதன் வால் எவ்வளவு நேரம் நீள்கிறது, வரிகளுக்கு நடுவே லதாவின் மூச்சு, வயலின்காரர்கள் வில்லை எடுக்கும் கணம், கூடத்தின் காற்று, எல்லாம் அப்படியே இருக்கும். அன்றைக்கு இரைச்சல் நீக்கும் கருவிகள் சுலபமாகக் கைக்குக் கிடைக்காததால் செய்யாமல் விட்டார்களோ, விஷயம் தெரிந்துதான் விட்டார்களோ, நமக்கு லாபம்.

பழைய சிடியைக் கணினியில் ஏற்றி ஃபிளாக் (லாஸ்லெஸ் கோப்பு வகை) ஆக்கும்போது ஒரு வேடிக்கை நடக்கும். நான்கு நிமிடப் பாட்டு வெறும் பத்து, பன்னிரண்டு மெகாபைட்தான் வரும், பிட்ரேட் (நொடிக்கு எத்தனை கிலோபிட்) 350, 400 என்று காட்டும். ‘இது 320 எம்பி3யை மாற்றிய போலி ஃபிளாக்’ என்று யாராவது கிளம்பிவிடுவார்கள். உண்மை நேர் எதிர். இடது வலது இரண்டும் அச்சு அசலாக ஒன்றாக இருந்தால் ஃபிளாக் ஒரு தடத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை ஏறக்குறைய இலவசமாகச் சேமித்துவிடும், அதனால்தான் எடை குறைகிறது. 1950களின் மோனோ பாட்டு 700, 800 என்று வந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்: ஒன்று, எல்பியை ஸ்டீரியோ ஊசியில் ஓட்டி எடுத்திருக்கிறார்கள், இல்லையென்றால் செயற்கையாக ஸ்டீரியோ ஆக்கியிருக்கிறார்கள். ஆடாசிட்டி என்ற ஒலித் தொகுப்பு மென்பொருளில் போட்டு ஒரு பக்கத்தைத் தலைகீழாக்கி மறுபக்கத்தோடு கூட்டிப் பாருங்கள். நிஜ மோனோ என்றால் மௌனம். போலி ஸ்டீரியோ என்றால் எதிரொலி மட்டும் பேய் மாதிரி மிஞ்சி நிற்கும்.

குறைகளும் உண்டு, மறைப்பானேன். சில சிடிக்களில் வேகம் சரியாக இருக்காது, சுருதி கால் கட்டை ஏறியோ இறங்கியோ இருக்கும், கூடவே ஆர்மோனியம் வாசித்துப் பார்த்தால் பிடிபட்டுவிடும். ஆரம்பகால சிடிக்களில் சிலவற்றை ப்ரீ-எம்ஃபசிஸ் (மேல் அலைவரிசையைக் கூட்டிப் பதிந்து, ஓட்டும்போது குறைத்துக்கொள்வது) என்ற ஏற்பாட்டோடு அச்சடித்தார்கள், அதைக் கவனிக்காமல் ஏற்றினால் பாட்டு காதைக் கீறும். எக்ஸாக்ட் ஆடியோ காப்பி என்ற மென்பொருளில் சிடியை ஏற்றும்போது ஒப்பிட்டுப் பார்க்க ஆன்லைன் பதிவு இல்லாத இந்தி சிடிக்கள் நிறைய, அதனால் இரண்டு தடவை ஏற்றி இரண்டும் ஒன்றுதானா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

ரிமாஸ்டர் சிடிக்களைப் பற்றி அதிகம் எழுத எனக்கு மனமில்லை. எல்லாமே மோசம் என்று சொல்ல மாட்டேன், டிக், டக் சத்தத்தை மட்டும் அளவோடு எடுத்தவையும் இருக்கின்றன. பெரும்பாலானவற்றில் இரைச்சலோடு சேர்த்துக் கூடத்தையும் துடைத்து எடுத்துவிட்டார்கள், ஸ்பீக்கர் மேல் கம்பளியைப் போர்த்தியது போல இருக்கும். பிறகு அந்த மந்தத்தைச் சரிக்கட்ட மேல் அலைவரிசையை ஏற்றி, எல்லாவற்றையும் ஒரே சத்தத்துக்கு அழுத்தி விடுவார்கள். முன்னிசையும் பல்லவியும் ஒரே உயரத்தில் கத்தினால் அது ரிமாஸ்டர். ‘ரிவைவல்’ என்று போட்டிருந்தால் பழைய குரலோடு புதிதாக வாசித்த இசையைச் சேர்த்தது என்று அர்த்தம், ‘ஜங்கார்’ என்று போட்டிருந்தால் மேலே எலக்ட்ரானிக் தாளம் ஏற்றியது, 80, 90களின் கேசட் வியாபாரத்தில் பிறந்த சமாசாரம். லாரி ஓட்டிக்கொண்டு கேட்க நன்றாகத்தான் இருக்கும். 1960இல் வந்த ‘மொகலே ஆசம்’ 2004இல் வண்ணமாகத் திரும்ப வந்தபோது, இசையமைப்பாளர் நௌஷாத் உயிரோடு இருக்கும்போதே இசை மறுபடி வாசித்துப் பதிவானது. அது மரியாதையான வேலை, ஆனால் 1960இல் கேட்ட ஒலி அது இல்லை. இரண்டையும் தனித்தனியாகத்தான் வைத்துப் பார்க்க வேண்டும்.

எல்பிக்காரர்கள் என்னை அடிக்க வருவதற்கு முன்னால் அவர்கள் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். 70களில் ஸ்டீரியோ பரவிய பிறகு, எச்எம்வியும் அதற்குப் போட்டியாக வந்த பாலிடோரும் போட்ட எல்பிக்களில் சில இன்றைக்கும் எந்த டிஜிட்டல் பதிப்பையும் உட்கார வைத்துவிடும். ஆர்.டி. பர்மனின் இசையில் இது நன்றாகத் தெரியும், பேஸ் கிட்டார் ஒரு பக்கம், தாள வாத்தியங்கள் எதிர்ப்பக்கம், குரல் நடுவில் என்று அவர் இடம் பிரித்து வைத்திருப்பதை ரிமாஸ்டர்கள் ஒரே குவியலாக்கிவிடுகின்றன. 1975இல் பாலிடோர் வெளியிட்ட ‘ஷோலே’ எல்பியில் படத்திலிருந்து வெட்டப்பட்ட கவ்வாலி ஒன்றும் இருக்கிறது, படம் மட்டும் பார்த்தவர்களுக்கு அப்படி ஒரு பாட்டு இருப்பதே தெரியாது. 70களின் கடைசியில் எச்எம்வி 12 அங்குலத் தட்டையே 45 வேகத்தில் ஓடும்படி வெட்டியும் விற்றது, பாட்டு குறைவு, ஒலி அபாரம், கண்ணில் பட்டால் விடாதீர்கள்.

ஆனால் நிலைமை? அதுதான் சிக்கல். இந்திய வீடுகளில் எல்பி ஓடியது எச்எம்வி ஃபியஸ்டா மாதிரி ரெக்கார்டு பிளேயர் பெட்டிகளில், கனமான ஊசி, மாற்றவே மாற்றாத முனை. மும்பை சோர் பஜாரில் பளபளவென்று தெரியும் தட்டைக் கொண்டுவந்து போட்டால், ஒவ்வொரு பக்கத்தின் கடைசிப் பாட்டிலும் ‘ஸ’ எல்லாம் ‘ஷ’ ஆகக் கரகரக்கும். தட்டைக் கழுவ வேண்டும், ஊசி எடையைச் சரிபார்க்க வேண்டும், மோனோ தட்டு என்றால் ஆம்பிளிஃபையரில் மோனோ பொத்தான் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் (இருந்தால் இரைச்சலில் ஒரு பங்கு சட்டென்று போய்விடும்). இப்போது புதிதாக அச்சாகி வரும் எல்பிக்கள் பார்க்க அழகு, ஆனால் அவற்றை டேப்பிலிருந்து வெட்டினார்களா டிஜிட்டல் கோப்பிலிருந்தா என்று பெரும்பாலும் உறையில் சொல்வதில்லை. ரிமாஸ்டர் கோப்பைத் தட்டில் அச்சடித்தால் ரிமாஸ்டர்தான் கேட்கும், கூடவே தூசிச் சத்தம் இலவசம்.

ஸ்ட்ரீமிங் பக்கம் போனால், ஆப்பிள் மியூசிக் 2021 ஜூனில் கூடுதல் கட்டணம் இல்லாமலே லாஸ்லெஸ்ஸைத் திறந்துவிட்டது, ஸ்பாடிஃபை 2025இல்தான் வந்து சேர்ந்தது. வெளிநாட்டவர் புகழும் டைடலும் கோபஸும் இந்தியாவில் முறைப்படி கடை திறக்கவில்லை. ஆப்பிளில் லாஸ்லெஸ் தானாக வராது, அமைப்புகளுக்குள் போய் இயக்க வேண்டும். அப்புறம், புளூடூத் இயர்ஃபோனில் கேட்டால் இத்தனை பாடும் வீண், வழியிலேயே திரும்ப அமுக்கித்தான் காதுக்கு வரும். ஒயர் போட்ட ஹெட்ஃபோனும் சின்ன யுஎஸ்பி டாக் (டிஜிட்டலை ஒலியாக மாற்றும் கருவி) ஒன்றும் வாங்குங்கள், ஆயிரம் இரண்டாயிரம் ரூபாயிலேயே நல்லது கிடைக்கிறது.

ஸ்ட்ரீமிங்கின் உண்மையான தொல்லை தேடலில். ஒரே ரஃபி பாட்டு பத்துத் தொகுப்புகளில் இருக்கும், பத்தும் வெவ்வேறு ஒலியாக இருக்கும், எல்லாவற்றுக்கும் லாஸ்லெஸ் முத்திரை இருக்கும். ஒரு சேவையில் வந்த பாட்டு ஒன்றைப் பதிவு செய்து அலைவரிசைப் படம் போட்டுப் பார்த்தேன், 16 கிலோஹெர்ட்ஸில் நேர்கோடாக அறுந்து நின்றது. 128 எம்பி3யை எடுத்து லாஸ்லெஸ் பெட்டியில் வைத்த கதைதான், வேறென்ன. ‘ஹிட்ஸ்’, ‘பெஸ்ட் ஆஃப்’, ‘மழைக்கால மெலடி’ வகையறாக்களை விட்டுவிட்டுப் படத்தின் பெயரிலேயே உள்ள ஆல்பத்தை எடுங்கள், பெரும்பாலும் அதில்தான் கைவேலை குறைவாக இருக்கிறது. 1980இன் ‘குர்பானி’க்குப் பிறகு நிறைய தடங்களில் தனித்தனியாகப் பதிவு செய்யும் பழக்கம் வளர வளர மூலமே சுத்தமாகிவிட்டது, அங்கே ஸ்ட்ரீமிங்கும் சிடியும் பெரிதாக வேறுபடுவதில்லை.

320 எம்பி3க்கும் ஃபிளாக்குக்கும் வித்தியாசம் தெரியுமா என்று கேட்பீர்கள். ஒரே மூலத்திலிருந்து எடுத்த இரண்டையும் ஃபூபார்2000 என்ற மென்பொருளில், எது எதுவென்று தெரியாமல் கேட்கும் சோதனையில் வைத்தால், 50களின் மோனோ பாட்டில் எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது என்றுதான் நினைக்கிறேன். நல்ல பழைய சிடியிலிருந்து எடுத்த 320, மோசமான ரிமாஸ்டரின் 24 பிட் லாஸ்லெஸ்ஸைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். அதே மாதிரி, ரெக்கார்டில் விட்டுப்போன சரணம் படத்தின் டிவிடியில் மட்டும் இருந்தால், அது அமுக்கிய டால்பி ஒலியாக இருந்தாலும் நான் அதைத்தான் கேட்பேன். பாட்டு முழுசாக இருப்பதுதான் முதல் லாஸ்லெஸ் இல்லையா?

இணையத்தில் சுற்றும் ‘ஃபிளாக் கலெக்‌ஷன்’ ஃபோல்டர்களை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை. உரிமைப் பிரச்சினை ஒருபக்கம், எதிலிருந்து எடுத்தது என்றே தெரியாத கோப்பை வைத்துக்கொண்டு எதை எதோடு ஒப்பிடுவது?

செலவைப் பார்த்தாலும் பழைய சிடிதான் முன்னால் நிற்கிறது. மும்பையின் பிரபல இசைக்கடையான ரிதம் ஹவுஸே 2016இல் மூடிவிட்டது, சிடி வாங்குவோர் இல்லாததால் வீட்டைக் காலி செய்பவர்கள் பெட்டியோடு தள்ளிவிடுகிறார்கள், எல்பிக்கு மட்டும் விலை ஏறிக்கொண்டே போகிறது. யுஎஸ்பி சிடி டிரைவ் ஒன்று வாங்கி வைத்துக்கொண்டால் போதும். பெட்டியைக் கிளறும்போது இரண்டு படம் ஒரே தட்டில், வெளிநாட்டு அச்சு, ‘டிஜிட்டலி ரிமாஸ்டர்ட்’ என்ற வார்த்தை எங்கும் இல்லாதது, இந்த மூன்றும் சேர்ந்திருந்தால் எடுத்துவிடுங்கள். ‘என்னங்க, ரிமாஸ்டர்னு போடவே இல்லையே’ என்று கொஞ்சம் முகத்தைச் சுளித்தால் இன்னும் ஐம்பது ரூபாய் குறைத்தும் தருவார்கள்.