எரிக்சனா, பிரான்ஃபென்பிரென்னரா: ஃபீல்டு ஒர்க்குக்கு எது உதவும்?

எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) முதலாண்டில் மனித நடத்தை பற்றிய தாளைப் படித்த எவரும் இந்த இரு உளவியலாளர்களையும் தாண்டித்தான் வந்திருப்பார்கள். எரிக் எரிக்சன் 1950இல் வாழ்க்கையை வயதுவாரியாக எட்டு நிலைகளாகப் பிரித்தார். ஒவ்வொரு நிலைக்கும் ஓர் உள்மோதல். யூரி பிரான்ஃபென்பிரென்னர் 1979இல் பிள்ளையை நடுவில் வைத்து வீடு, பள்ளி, பெற்றோரின் வேலையிடம், பண்பாடு என்று சுற்றிலும் வட்டம் போட்டார். பரீட்சைக்கு எரிக்சன்தான் சுலபம், வரிசையாக மனப்பாடம் செய்துவிடலாம்.

களத்தில்? திருப்பூரில் பார்த்த ஒரு பையன். 14 வயது, ஒன்பதாம் வகுப்பு, இரண்டு மாதமாகப் பள்ளிக்குப் போகவில்லை. என்னிடம் பயிற்சிக்கு வந்த மாணவி முதல் அறிக்கையிலேயே 'ஐந்தாம் நிலை, அடையாளக் குழப்பம்' என்று எழுதிவிட்டாள். வயதைக் கேட்டாலே எழுதிவிடலாம். பையனைப் பார்க்கவே வேண்டாம்.

சரி, எக்கோ மேப் போடு என்றேன், அதாவது பையனைச் சுற்றியுள்ள உறவுகளின் படம். வட்டங்களைக் காகிதத்தில் கொண்டுவர சமூகப்பணிப் பேராசிரியர் ஆன் ஹார்ட்மன் 1975இல் தந்த வழி: பலமான உறவுக்குத் தடித்த கோடு, மெலிந்ததற்குப் புள்ளிக்கோடு, உரசலுக்குக் குறுக்கே வெட்டிய கோடு. வீட்டுக்கும் பள்ளிக்கும் நடையாய் நடந்து மூன்று வாரம் போயிற்று. பள்ளிக் கோடு வெட்டுப்பட்டிருந்தது. பனியன் கம்பெனியில் டெய்லரான அம்மாவுக்கு ஷிஃப்ட் மாறியதால், தங்கையை அங்கன்வாடியில் விடுவது இவன் வேலையாகிவிட்டது. அங்கன்வாடி திறப்பதற்குள் பள்ளி மணி அடித்துவிடும். தாமதம், வகுப்புக்கு வெளியே நிற்பது, அப்புறம் போவதையே விட்டுவிட்டான். அவன் கால் வைத்தே இராத கம்பெனி அவன் படிப்பை நிறுத்திவிட்டது. பிள்ளை நேரில் இல்லாத இடமே அவனைப் பாதிக்கும் வெளிவட்டம்: பிரான்ஃபென்பிரென்னர் 'எக்ஸோ' வட்டம் என்றது இதைத்தான்.

ஆனால் பக்கத்து வீட்டு அக்கா தங்கையைக் கூட்டிப்போக ஒப்புக்கொண்ட பிறகும் பையன் அசையவில்லை. இடையில் பனியனில் நூல் பிசிறு வெட்டும் வேலைக்குப் போய்க் கையில் காசு பார்த்திருந்தான். "மறுபடி பெஞ்சுல போய் உக்காரணுமா சார்?" என்றான். நடு வட்டத்துக்குள் என்ன ஓடுகிறது என்று காட்ட எக்கோ மேப்பில் கோடு கிடையாது. அங்கே எரிக்சன்தான் கைகொடுத்தார், அரைகுறையாக. தன்னைத் தேடிக்கொள்ள இளவயதுக்குச் சமூகம் அவகாசம் தரும் என்றவர் அவர். சனிக்கிழமை சம்பளம் வாங்குகிற பையனுக்கு அவகாசம் ஏது?

இப்போதெல்லாம் முதல் அறிக்கையில் நிலை எண்ணைப் பார்த்தால் அடித்துவிடுகிறேன். மூன்றாவது வீட்டுச் சந்திப்பு முடியட்டும், அப்புறம் எழுதலாம்.