குரலுக்கு முந்திய எட்டு ஆண்டுகள்: ஜேம்ஸ் ஏர்ள் ஜோன்ஸின் தன்வரலாறு

முள்ளியவளைக்கு இந்தப் புத்தகம் வந்து சேர மூன்று கிழமை சென்றது. பழைய புத்தகங்கள் விற்கும் ஒருவரிடம் தபால்மூலம் வாங்கினேன். ‘நல்ல நிலை’ என்று அவர் எழுதியிருந்தார். வந்ததோ மேலட்டை கிழிந்து, முதுகுத் தையல் இளகி, ஓரமெல்லாம் நீர்க்கறை படிந்த ஒரு படி. பக்கம் எதுவும் குறையாததால் திருப்பி அனுப்பவில்லை. அமெரிக்க நடிகர் ஜேம்ஸ் ஏர்ள் ஜோன்ஸ், பெனெலொப்பி நிவெனுடன் சேர்ந்து எழுதி 1993 இல் வெளியான ‘வொய்ஸஸ் அண்ட் சைலன்ஸஸ்’ என்ற தன்வரலாறு இது.

எங்கள் பிள்ளைகளிற் பலருக்கு அந்த மனிதரைத் தெரியாது, குரலைத் தெரியும். 1977 இல் வெளிவந்த ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தில் டார்த் வேடரின் கறுப்புக் கவசத்துக்குள் நின்றவர் டேவிட் பிரவுஸ், பேசியவர் ஜோன்ஸ். அதை நடிப்பென்று கொள்ளாமல் படத்தின் தொழில்நுட்ப வேலைகளுள் ஒன்றாகவே கருதியதால், முதல் இரு படங்களிலும் தமது பெயரைப் போடவேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார். அந்தக் குரலைத் தேடி இந்நூலைத் திறப்பவர் முதலிற் சந்திப்பது வாய்திறவாத ஒரு சிறுவனை.

1931 இல் மிசிசிப்பி மாநிலத்தின் ஆர்க்கபுட்லா என்ற சிற்றூரில் அவர் பிறப்பதற்கு முன்னரே தகப்பன் குடும்பத்தை விட்டுப் போய்விட்டார். தாயின் பெற்றோரே வளர்த்தனர். ஐந்து வயதளவில் அவர்கள் மிச்சிகனிலுள்ள ஒரு தோட்டக்காணிக்குக் குடிபெயர்ந்தபோது பிள்ளைக்குக் கொன்னை தொடங்கியது. பிறர் சிரிப்பதைத் தாங்காமல் ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் வகுப்பறையில் பேச்சையே விட்டுவிட்டார். பின்னர் டொனால்ட் குரவுச் என்ற ஆசிரியர், இந்தப் பையன் மறைவாகக் கவிதை எழுதுவதைக் கண்டுபிடித்தார். கிரேப்புரூட் என்ற தோடம்பழ வகையைப் பற்றி அவர் எழுதிய கவிதையைப் படித்த ஆசிரியர், இவ்வளவு நன்றாயிருப்பது உன்னுடையதாக இருக்கமுடியாது, உன்னுடையதென்றால் வகுப்பின்முன் மனப்பாடமாகச் சொல் என்று சவால் விட்டார். பையன் எழுந்து சொன்னார். ஒரு சொல்லிலும் நா தடுக்கவில்லை.

இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு நெடுநேரம் இருந்தேன். கூத்துப் பழகும் வீடுகளில் இதை நாங்கள் கண்டிருக்கிறோம். கடையில் ஒரு சாமானின் பெயரைக் கேட்கத் திணறும் பிள்ளை, மத்தளம் விழுந்ததும் கோவலன் கூத்துப் பாட்டைத் தடையின்றிப் பாடும். கூத்துப் பழக்கும் அண்ணாவியார்மார் அதை அம்மனின் அருள் என்பார்கள். நான் மறுப்பதில்லை, ஆனால் தாளத்துக்கும் அதிற் பங்குண்டு என்று நினைக்கிறேன். ஜோன்ஸ் தமக்குக் கொன்னை முற்றாக மாறிவிட்டதென்று ஒருபோதும் சொல்லவில்லை. அதனோடு சேர்ந்து வேலைசெய்யப் பழகியதாகவே சொன்னார். பேச்சுப் போட்டிக்குப் பிள்ளைகளைத் தயார்செய்யும் எங்கள் ஆசிரியர்கள் இப்பகுதியை மட்டுமாவது வாசிக்கவேண்டும்.

மேடை வாழ்க்கையைச் சொல்லும் பகுதிகளில் தகப்பனின் நிழல் விடாமல் தொடர்கிறது. தகப்பன் ராபர்ட் ஏர்ள் ஜோன்ஸ் குத்துச்சண்டை வீரராயிருந்து நடிகரானவர். மகன் நியூயோர்க் சென்றபோதுதான் இருவரும் பழகத் தொடங்கினர். அந்த மகனுக்கு 1969 இல் அமெரிக்க மேடை நாடகத்துக்கான டோனி விருதைப் பெற்றுக்கொடுத்தது ‘த கிரேட் வைட் ஹோப்’ நாடகத்தின் கறுப்பினக் குத்துச்சண்டை வீரன் பாத்திரம். 1970 இல் அது படமானபோது ஒஸ்காருக்கும் பரிந்துரைக்கப்பட்டார். 1987 இல் இரண்டாவது டோனி விருது கிடைத்தது, ஓகஸ்ட் வில்சனின் ‘ஃபென்ஸஸ்’ நாடகத்தில் மகனோடு மோதும் கடுமையான தகப்பனாக நடித்ததற்கு. தகப்பனின்றி வளர்ந்தவர் அந்தத் தகப்பனை எங்கிருந்து எடுத்தார் என்பதே என்னைக் கடைசிவரை வாசிக்கவைத்த கேள்வி.

திரைப்படங்களைப் பற்றிய பக்கங்கள் எனக்கு அவ்வளவு ருசிக்கவில்லை. அவற்றை விரைவாகப் புரட்டினேன். நூல் 1993 உடன் நின்றுவிடுவது இன்னொரு குறை. ‘த லயன் கிங்’ படத்தில் முஃபாசாவுக்குக் குரல் கொடுத்தது அதற்கு அடுத்த ஆண்டில். கௌரவ ஒஸ்கார் 2011 இல். நியூயோர்க்கின் கோர்ட் அரங்கு அவருடைய பெயரைப் பெற்றது 2022 இல். 2024 செப்டெம்பரில் 93 வயதில் அவர் மறைந்தார். இவற்றை வாசகர் வேறிடத்திற் தேடிக்கொள்ளவேண்டும். தமிழில் மட்டும் வாசிப்பவர்களுக்கு இந்நூலை என்னால் பரிந்துரைக்க முடியாதது வருத்தமே. ஆங்கிலத்தில் ஓரளவு பழக்கமுள்ளவர்கள், குறிப்பாக நாடகம் பழக்குபவர்கள், தபாற்செலவையும் பொருட்படுத்தாமல் வாங்கலாம். வாங்குமுன் முதுகுத் தையலைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். எனது படியை ஊசிநூல் கொண்டு நானே தைத்துவிட்டேன். வட்டாப்பளைப் பொங்கலுக்குப் பிறகு, இரவல் கேட்ட அண்ணாவியாரிடம் அது போகவிருக்கிறது.