செப்டிக் டேங்க் லாரியைக் கூப்பிடப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கூப்பிடுங்கள்

பதினாலாயிரத்து ஐந்நூறு ரூபாய் போய்விட்டது. டாய்லெட்டில் தண்ணீர் ஊற்றினால் இன்று காலையும் எதிர்த்துக்கொண்டுதான் வருகிறது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன், ஆறிவிட்டால் சோம்பேறித்தனம் வந்துவிடும்.

வீடு தாம்பரத்துக்கு மேற்கே, முடிச்சூர் பக்கம். எங்கள் தெருவுக்குப் பாதாளச் சாக்கடை கிடையாது, வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க்தான். நாலு நாள் நல்ல மழை பெய்தால் போதும், நிலத்தடி நீர் மேலே வந்துவிடும், சோக் பிட் (டேங்கிலிருந்து வழியும் தண்ணீரை மண்ணுக்குள் இறக்கும் குழி) தண்ணீரை இழுக்காது. இந்தத் தடவையும் அப்படித்தான் என்று நினைத்தோம். மழை விட்டும் சரியாகவில்லை என்றதும், வீட்டு வேலைக்கு ஆள் பிடித்துத் தரும் ஒரு ஆப்பில் தேடினேன். பெயரைப் போட்டால் வக்கீல் நோட்டீஸ் வரும் என்று மச்சான் பயமுறுத்துகிறான், அதனால் போடவில்லை. லாரி வைத்திருக்கும் ஒருவர் கிடைத்தார். நாலரை ஸ்டார், 'சரிபார்க்கப்பட்டவர்' என்று பக்கத்திலேயே பச்சை டிக்.

லாரிக்கு முன்னால் அந்த ஆள் பைக்கில் வந்தார். கேட்டுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார், அந்த மரியாதையிலேயே அம்மா கவிழ்ந்துவிட்டார். மூடியைத் தானே நெம்பித் தூக்கி, செல்போன் டார்ச் அடித்துக் காட்டினார். "அம்மா, லோடு 2,500. உங்களுக்கு ஒண்ணு, மிஞ்சினா ரெண்டு. காசை வேலை முடிஞ்சு குடுங்க, எங்க ஓடிப் போகப் போறேன்" என்றார். அம்மா காபி போட்டுக் கொடுத்தார்.

அப்புறம் லாரி வந்தது. குழாயை உள்ளே விட்டார்கள், ஆனால் அதன் வாய் மேல்மட்டத்திலேயே நின்றது. "அடியில விடுங்க" என்றால், "முதல்ல தண்ணி சார், அப்புறம்தான் சேறு" என்றார் டிரைவர். சரி, அவருடைய தொழில், அவருக்குத் தெரியும். லோடு நிறைந்தது என்று கிளம்பிய லாரி இருபது நிமிடத்துக்குள் திரும்பி நிற்கிறது. இங்கேயிருந்து பெருங்குடி சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகவே அந்த நேரம் பத்தாது. எங்கே கொட்டினீர்கள் என்று கேட்டேன். "பக்கத்துல நம்ம பாயிண்ட் இருக்கு சார்." அது ஏதாவது ஏரிக்கரையா, அடையாற்றுக் கரையா, இல்லை கொட்டாமலே தெருவைச் சுற்றிவிட்டு வந்தாரா, அவருக்கே வெளிச்சம்.

இப்படி மூன்று லோடு. 7,500 ரூபாய். ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன். எங்கள் டேங்க் எட்டடி நீளம், நாலடி அகலம், ஐந்தடி ஆழம். 160 கன அடி. ஒரு கன அடிக்கு 28 லிட்டர் சொச்சம், ஆக விளிம்பு வரை நிரப்பினாலும் சுமார் 4,500 லிட்டர்தான். லாரியின் முதுகில் பெரிதாக எழுதியிருந்தது 6,000 லிட்டர். ஒரே லோடில் முடிந்திருக்க வேண்டிய வேலை! மூன்று லோடு எதற்கு என்று அப்போதே கேட்டதற்கு, "ஊத்து எடுக்குது சார், உறிய உறிய வருது" என்று பதில்.

இதைவிட மோசம் ஒன்று நடந்தது. மூன்றாவது லோடு முடிந்ததும் பைக்கில் வந்த அந்த ஆள், "அடியில சேறு கல்லாட்டம் கிடக்கு. பையன இறக்கினா பத்தே நிமிஷம், தனியா 3,000 குடுத்துடுங்க" என்றார். லாரியோடு வந்த அந்தப் பையனுக்கு இருபது வயது இருந்தால் அதிகம். சட்டையைக் கழற்றி மதில்மேல் போட்டுவிட்டு, பேண்ட்டை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டிருந்தான். கையுறைகூட இல்லை. அம்மா போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுக்காரர்கள் வெளியே வந்துவிட்டார்கள். "யார் பெத்த பிள்ளையோ, தள்ளி நில்லுப்பா நீ!" விஷவாயுவில் எத்தனை பேர் போயிருக்கிறார்கள், இவர் பத்து நிமிஷம் என்கிறார். பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை உள்ளே இறக்கி இந்த வேலை வாங்குவதை, மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதற்கு எதிரான 2013 சட்டமே தடை செய்திருக்கிறது. முதல் தடவைக்கே இரண்டு வருடம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். முடியவே முடியாது என்றேன்.

முகம் மாறவே இல்லை அந்த ஆளுக்கு. "சரி சார், அப்போ பாக்டீரியா பவுடர் போடுவோம், சேறு தானா கரைஞ்சிடும்" என்று இரண்டு பாக்கெட் எடுத்தார். 3,000. பிரித்தால் தவிட்டு வாசனை. டேங்கில் போகும் மலத்திலேயே வேண்டிய பாக்டீரியா இருக்கும்போது இது எதற்கு என்பதை அப்புறம்தான் ஒரு இன்ஜினீயர் நண்பர் சொன்னார். கடைசியாக, சோக் பிட் அடைத்திருக்கிறது, நாளைக் காலையில் கொத்தனாரோடு வருகிறேன் என்று 4,000 அட்வான்ஸ். ஆக மொத்தம் 14,500 ரூபாய், ஜிபேயில். அனுப்பும்போது திரையில் வேறு யாரோ ஒரு பெண் பெயர் வந்தது. "வீட்டுக்காரம்மா அக்கவுண்ட் சார்." வெள்ளைத்தாளில் ரப்பர் ஸ்டாம்ப் குத்திய சீட்டுதான் ரசீது, அதில் முகவரி இல்லை.

மறுநாள் கொத்தனார் வரவில்லை. நான் மூங்கில் கழியை விட்டுப் பார்த்தேன், பாதிக்கு மேல் சேறு, தொடப்படவே இல்லை. போன் செய்தால் "லோடுல இருக்கேன்ணே, கூப்பிடுறேன்". பிறகு "கொத்தனார் வீட்ல ஒரு சாவு". பிறகு டிரைவர் எடுத்து "ஓனர் ஊர்ல இல்ல". கடைசியாக அந்த ஆளே எடுத்துச் சொன்னாரே ஒன்று, அதுதான் வயிற்றெரிச்சல்: "ஆளை இறக்க விடலைன்னு நீங்கதானே சார் சொன்னீங்க? சேறு நிக்குதுன்னா அது உங்க பிரச்சினை." அதோடு நம்பரை பிளாக் செய்துவிட்டார்.

ஆப்காரர்கள் மட்டும் என்ன? "நாங்கள் எண் மட்டும்தான் தருகிறோம், வேலைக்குப் பொறுப்பல்ல" என்று ஒரு பெண் மனப்பாடமாக ஒப்பித்தார். நான் போட்ட ஒரு ஸ்டார் விமர்சனம் 'பரிசீலனையில்' கிடக்கிறது. பச்சை டிக் அப்படியே இருக்கிறது. வங்கியில், நீங்களே விரும்பி அனுப்பிய பணம், நாங்கள் என்ன செய்ய முடியும் என்கிறார்கள். 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன், பார்ப்போம்.

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுத நினைத்தேன், பொறுமை இல்லை. டேங்கை அளந்து லிட்டர் கணக்குப் போட்டுவிட்டுக் கூப்பிடுங்கள். லோடுக்கு அல்ல, டேங்க் காலியாவதற்கு விலை பேசுங்கள். குழாய் அடிவரை போகிறதா என்று பக்கத்தில் நின்று பாருங்கள், காசு கொடுக்கும் முன் கழி விட்டுப் பாருங்கள். உள்ளாட்சியில் வாங்கிய லைசென்ஸைக் கேளுங்கள், இல்லாத லாரி கேட்டுக்குள்ளேயே வரக்கூடாது. முதலில் செப்டிக் டேங்க் சுத்தம் செய்வதற்கான உதவி எண் 14420-க்குப் பேசுங்கள். பவுடர் வாங்காதீர்கள். எவன் எவ்வளவு குறைத்துக் கேட்டாலும் ஆளை உள்ளே இறக்காதீர்கள். 14,500 ரூபாய்க்கு எனக்குக் கிடைத்தது இரண்டு காலி பாக்கெட்டும் அந்த வெள்ளைச் சீட்டும்தான். சீட்டை மட்டும் பத்திரமாக வைத்திருக்கிறேன், புகாரோடு இணைக்க.